வரம்புக்குப் பதினொரு எட்டு

எத்தனை செக்கனில் ஓடும் என்றுதான்
சம்மாந்துறை முழுக்கக் கேட்டது.
எங்கே நிற்கும் என்று கேட்டவர்
மேகவண்ணன் ஒருவர்தான்.
கால் மைல் முடிந்து
காபட் றோட்டு வளையும் இடத்தில்
அவருடைய வயல் கிடக்கிறது.

நான் சிரித்தேன்.
மறுகா அந்த ஞாயிற்றுக்கிழமை
பெடலில் ஏறியே நின்றேன்,
இரண்டு காலும் சேர்த்து.
லான்சர் தன்பாட்டில் போனது
வரம்பைத் தாண்டி
கதிர் முற்றின நெல்லுக்குள்,
கோணாமல், மரியாதையாக.
நாற்பது மரைக்கால் என்று
கொப்பியில் எழுதினார்.
களத்து விலை இல்லை, ஆலை விலை.

நௌபீக் சில்லைக் கழற்றி
டிஸ்க்கைத் தடவிப் பார்த்தான்.
பேட்டின் முகம் எரிந்து
கண்ணாடியாய்ப் பளபளத்தது.
"என்ட காலுக்குப் பலம் காணாது" என்றேன்.
"காலைக் கழட்டி மாத்த ஏலாது மச்சான்.
மத்ததைப் பாப்பம்."

பூஸ்டரைக் கழற்றி எறிந்தது நான்தான்.
பெரிய கேம் போட்ட பிறகு
நின்ற இடத்தில் விக்கி விக்கி மூச்சுவிடும் எஞ்சின்;
பூஸ்டருக்கு உறிஞ்சிக் கொடுக்க
அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.
பாரம் குறைந்தது என்று
கல்முனை வரைக்கும் சொல்லித் திரிந்தேன்.
குறைந்த பாரம் என் வலது தொடையில் ஏறியதை
எவருக்கும் சொல்லவில்லை.

பெடல் கம்பியை மேசையில் கிடத்தி
சோக்கால் கோடு போட்டான்.
மேலே ஆணி, கீழே பாதம்,
இடையில் தள்ளுதண்டு பூட்டும் ஓட்டை.
நாலுக்கு ஒன்று.
ஓட்டையை ஓர் அங்குலம்
ஆணிக்குக் கிட்ட உயர்த்தினால்
ஆறுக்கு ஒன்று.
"நீ நாப்பது கிலோ மிதிச்சா
அங்கால இருநூத்தி நாப்பதா விளங்கும்."
மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினான்,
ஓர் அங்குலம் போய்
முக்காலே அரைக்கால்.
"குடல் சிறுத்தாக் கோபம் கூடும்."

ஆனால் ஒன்றும் சும்மா வராது.
அழுத்தம் கூடினால்
பெடல் போகும் தூரமும் கூடும்.
முன்பு கல்லு மாதிரி நின்றது,
இப்போது களிமண்ணில் கால் வைத்தாற்போல்
இறங்கி, யோசித்து, பிறகுதான் நிற்கும்.

மஃரிபுக்குப் பிறகு காற்றெடுத்தோம்.
நௌபீக்கின் தங்கச்சி சுஹைறா சீற்றில்,
மடியில் ஏ.எல். கணக்குப் புத்தகம்.
மிதி.
பிடி.
விடு.
போத்தலுக்குள் குமிழி குமிழியாய் வந்து
கடைசியில் கடுகளவு ஒன்று.
முடிஞ்சுது என்றேன்.
"இன்னும் கிடக்கு" என்றாள்,
புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல்.
"காலுக்குத் தெரியிது."
கிடந்தது.

மறுநாள் வெள்ளாப்பில்
வளத்தாப்பிட்டிப் பக்கம் போய்
புதுப் பேட்டுக்குச் சூடு காட்டினோம்.
ஓட்டம், அமுக்கல், நிற்கவிடாமல் மறுபடி ஓட்டம்.
எட்டாம் தடவை கருகல் மணம் வந்தது.
ஆறுமட்டும் பிளேன்ரீ குடித்தோம்.
ஒருவரும் கதைக்கவில்லை.

ஞாயிறு.
நேரம் பழைய நேரம்தான்,
பதின்மூன்று புள்ளி ஒன்று.
எவரும் கைதட்டவில்லை.
கோட்டைக் கடந்ததும் மிதித்தேன்,
ஒரு காலால்.
இறங்கியது,
இன்னும் இறங்கியது,
பிறகு கடித்தது.
பெல்ட் நெஞ்சை அறுக்க
மூக்கு றோட்டைப் பார்க்க
தார்ப் பீப்பாய்கள் ஒவ்வொன்றாய்
எண்ணக்கூடிய வேகத்தில் வந்தன.
ஏழாவதை எண்ணவில்லை.
அது வரவேயில்லை.

மேகவண்ணன் வரம்பில் நின்றார்.
பின்னால் அவர் வயல்
போன கிழமையே அறுத்து முடிந்து
வெறும் தாள்.
ஆனாலும் வந்திருந்தார்,
கொப்பியோடு, பேனையோடு.
இறங்கி வந்து எட்டு வைத்து அளந்தார்:
பதினொன்று.
நம்பாமல் திரும்ப அளந்தார்:
பத்தரை.

என் கால் இன்னும் பெடலில்தான்.
கண்ணாடியில் தட்டினார்.
இறக்கினேன்.

"வடிவா நிக்கிது தம்பி" என்றார்.
கொப்பியை மூடாமல்,
"அப்ப அந்த நாப்பது மரைக்கால்?"